‘ஆல்ஃபி’ படத்தைக் குழுவாகப் பார்த்துப் பேசுவது எப்படி

லூயிஸ் கில்பர்ட் இயக்கி 1966-இல் வெளிவந்த ‘ஆல்ஃபி’ என்ற பிரிட்டிஷ் படத்தைப் பெங்களூரு அல்சூரில் ஒரு நண்பர் வீட்டு மொட்டைமாடியில் எங்கள் வாசகர் வட்டத்துக்காகத் திரையிட்டோம். முன்பாதி முழுவதும் சிரித்துக்கொண்டிருந்தவர்கள், படம் முடிந்ததும் ஒரு சொல்லும் பேசாமல் செருப்பைத் தேடத் தொடங்கினார்கள். அடுத்த முறை அப்படி நேராமலிருக்க நாங்கள் செய்தவற்றை, இப்படத்தைத் திரையிட நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

ஆங்கில வசன வரிகள் கட்டாயம் இருக்க வேண்டும். ஆல்ஃபியாக நடிக்கும் மைக்கேல் கெய்ன் பேசுவது லண்டன் உழைக்கும் மக்களின் காக்னி வழக்கு என்பதால், அலுவலகத்தில் நாள் முழுவதும் ஆங்கிலம் பேசுபவர்களும் தடுமாறுவார்கள்.

ஆல்ஃபி பெண்களை ஒருவர் பின் ஒருவராக நாடி, பிறகு கைவிடுபவன். காட்சியின் நடுவிலேயே கேமராவின் பக்கம் திரும்பி நம்மிடம் தன் நியாயத்தைச் சொல்பவன். அவன் பேச்சில் மயங்கி நாமும் அவன் கூட்டாளி ஆகிவிடுகிறோம். ஆகவே, அவன் நம் பக்கம் திரும்பும்போதெல்லாம் அருகிலிருக்கும் பெண்ணின் முகத்தைக் கவனியுங்கள் என்று மட்டும் படம் தொடங்குமுன் சொல்லிவிடுங்கள். கதையைச் சொல்ல வேண்டாம்.

பெண்களை அவன் அஃறிணையில் குறிப்பிடும் இடங்களைத் தமிழில் விளக்கும்போது ‘அவள்’ என்று திருத்தாமல் ‘அது’ என்றே சொல்லுங்கள். “அது எங்க போச்சு?” என்று மனைவியைப் பற்றிக் கேட்கும் வழக்கம் நம் வீடுகளிலும் உண்டு, எங்கள் கூட்டத்தில் இந்த ஒரு சொல்லைப் பற்றியே அரைமணி நேரம் பேசினோம்.

கருக்கலைப்புக் காட்சி ஒன்று வருவதை மட்டும் ஒவ்வொருவரிடமும் முன்கூட்டியே தனியாகச் சொல்லிவிடுவது நல்லது. ஆல்ஃபியோடு சிகிச்சையில் இருந்த ஹாரியின் மனைவி லில்லியாக விவியன் மெர்ச்சன்ட் நடித்திருக்கிறார். ஆல்ஃபியின் அறையிலேயே லில்லிக்குக் கருக்கலைப்பு நடக்கிறது. பிறகு அவன் எதைப் பார்க்கிறான் என்பதை கேமரா காட்டுவதில்லை. கெய்னின் முகம் குலைவதை மட்டுமே காட்டுகிறது. அந்த இடத்தில் படத்தை நிறுத்தி விளக்கம் சொல்லாதீர்கள். கருக்கலைப்பை அனுமதிக்கும் சட்டம் பிரிட்டனில் 1967-இல்தான் நிறைவேறி 1968-இல் நடைமுறைக்கு வந்தது, இந்தியாவில் 1971-இல் நிறைவேறி 1972-இல் நடைமுறைக்கு வந்தது என்பதைப் படம் முடிந்தபின் சொன்னால், அந்த மறைவும் அச்சமும் எங்கிருந்து வந்தன என்பது புரியும்.

பேச்சைத் தொடங்கும்போது, ஆல்ஃபி நல்லவனா கெட்டவனா என்று கேட்காதீர்கள். அதற்கு எல்லோரிடமும் ஆயத்தமான விடை இருக்கும். அவன் வாழ்வில் வரும் கில்டா, ஆனி, லில்லி, ரூபி ஆகிய நால்வரில் ஒருவராக நின்று கதையைச் சொல்லுமாறு ஒவ்வொருவரையும் கேளுங்கள். இரண்டாம் முறை நாங்கள் அப்படிக் கேட்டபோது, அதுவரை பின்வரிசையில் பேசாதிருந்த அம்மையார் ஒருவர், ஆல்ஃபியின் மகனைப் பெற்றெடுத்த கில்டாவாகப் பேசினார்: “அவன் வர்ற நாள்ல எனக்குக் கஷ்டமில்ல. வராத நாள்லதான் பிள்ளைக்கு என்ன சொல்றதுன்னு தெரியல.” அதன்பின் இரவு பத்தரை வரை யாரும் எழுந்திருக்கவில்லை.