நியூட்ரான் கணக்கில் தடுமாறாமல் இருக்க

அணு எண்ணையும் நிறை எண்ணையும் மாற்றிப் போட்டு மதிப்பெண்ணைக் கோட்டை விடுபவர்கள் ஏராளம். இரண்டில் சிறிய எண்ணை முதலில் வட்டமிடுங்கள். அதுதான் அணு எண், அதாவது புரோட்டான்களின் எண்ணிக்கை. பெரியது நிறை எண், அதாவது புரோட்டான்களும் நியூட்ரான்களும் சேர்ந்த எண்ணிக்கை. சாதாரண ஹைட்ரஜனில் மட்டும் இரண்டுமே 1. அதில் நியூட்ரானே கிடையாது.

சோடியத்தின் எண்கள் 11, 23. புரோட்டான் 11; 23 கழித்தல் 11, நியூட்ரான் 12. எலக்ட்ரானும் 11தான், மின்சுமை இல்லாத அணுவாக இருந்தால். ஓர் எலக்ட்ரானை இழந்து நேர்மின் அயனியாகிவிட்டால் 10. அப்போதும் புரோட்டான் எண்ணிக்கையில் கை வைக்காதீர்கள். அது மாறினால் தனிமமே மாறிவிடும்.

குளோரின்தான் உண்மையான வில்லங்கம். ஆவர்த்தன அட்டவணையில் அதன் அணு நிறை ஏறக்குறைய 35.5. அதிலிருந்து அணு எண் 17ஐக் கழித்து, பதினெட்டரை நியூட்ரான் என்று கூசாமல் எழுதியவன் நான்! அரை நியூட்ரான் எங்கே இருக்கிறது? 35.5 என்பது சராசரி. இயற்கையில் கிடைக்கும் குளோரின் அணுக்களில் நான்கில் ஏறக்குறைய மூன்றின் நிறை எண் 35, மீதி ஒன்றின் நிறை எண் 37. மூன்று 35களையும் ஒரு 37ஐயும் கூட்டினால் 142. நான்கால் வகுத்துப் பாருங்கள், 35.5 வந்துவிடும். தனி அணு ஒவ்வொன்றிலும் நியூட்ரான்கள் 18 அல்லது 20.

ஆகவே அட்டவணையில் தசமப் புள்ளியைக் கண்டால் உடனே கழிக்காதீர்கள். கேள்வியில் எந்த ஐசோடோப்பு (ஒரே தனிமத்தில் நியூட்ரான் எண்ணிக்கையால் வேறுபடும் அணு வகை) என்று கொடுத்திருக்கிறார்களா என்று தேடுங்கள்.