கட்டுகளை அவிழ்ப்பதற்கு முன்: உள்ளூர் வரலாற்றாளர் விட்டுச்சென்ற தாள்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தமிழாசிரியராகவோ ஊர்க் கணக்கரான கர்ணமாகவோ பணியாற்றிக்கொண்டே, விடுமுறை நாள்களிலெல்லாம் ஊர் ஊராகச் சென்று கல்வெட்டு, செப்பேடு, பட்டயம், குல வரலாறு ஆகியவற்றைத் திரட்டி வைத்தவர்கள் கொங்கு நாட்டில் பலர் இருந்தனர். அவர்கள் மறைந்த பின் பரணிலிருந்து இறக்கப்படும் தாள்களை ஒழுங்குபடுத்தித் தர இப்போது இளைஞர்கள் ஆர்வத்துடன் முன்வருகிறார்கள். அவர்களுடன் அமர்ந்து வேலை செய்யும்போது, எங்கள் தலைமுறை தொடக்கத்தில் செய்த அதே பிழைகள் வரிசைகூட மாறாமல் திரும்பி வருவதைக் காண்கிறேன். ஈரக் கையுடன் தொடக்கூடாது, தேநீர்க் குவளையை அருகில் வைக்கக்கூடாது என்பனவற்றை எல்லாரும் அறிவர். ஆகவே அவற்றை விட்டுவிடுகிறேன்.

குலவாரியாகப் பிரித்து அடுக்குதல்

இழப்பு மிகுந்த தவறு இதுவே. எத்தனை முறை சொன்னாலும் அடுத்த வீட்டில் மீண்டும் நடக்கிறது என்பதால் இதை நினைத்தால் இன்றும் எனக்கு எரிச்சல் வருகிறது.

உள்ளூர் வரலாற்றாளரின் கட்டு பெரும்பாலும் அவருடைய பயணத்தைப் பின்பற்றியே அமைந்திருக்கும். ஓர் ஊருக்குச் சென்று வந்தால், அங்கே பெரியவர் ஒருவர் சொன்ன வம்சாவளியின் கரட்டுப் படி, வீட்டுக்கு வந்து எழுதிய நற்படி, கோயில் கல்வெட்டின் மைப்படி (தாளை ஒற்றி மையால் எடுத்த படி), பிறகு அந்த ஊரிலிருந்து வந்த அஞ்சலட்டைகள், திருவிழா நோட்டீஸ், பேருந்துச் சீட்டு ஆகிய எல்லாவற்றையும் ஒன்றாகக் குண்டூசியால் குத்திப் பழைய வேட்டித் துணியில் கட்டி வைத்திருப்பார். புதிதாக வருபவரின் கண்ணுக்கு இது குழப்பமாகத் தெரிகிறது. கடையிலிருந்து கோப்புகளை வாங்கி வந்து, ஒவ்வொன்றின்மேலும் ஒரு குலத்தின் பெயரை எழுதி, ஒரே நாள் மாலைக்குள் எல்லாவற்றையும் பிரித்து அடுக்கிவிடுகிறார். பார்ப்பதற்கு அழகாக இருக்கிறது, வீட்டாரும் மகிழ்கிறார்கள். அந்தத் தாளில் உள்ள செய்தியை யார் சொன்னார், யார் முன்னிலையில் சொன்னார், அதை மறுத்தவர் யார் என்பது அந்த மாலையோடு தொலைந்துபோகிறது.

காங்கேயம் வட்டாரத்தில் ஒருவர் விட்டுச்சென்ற கட்டுகளில் இதுதான் நடந்தது. ஏழு தலைமுறைகளைக் காட்டும் வம்சாவளி ஒன்று, அழகான கையெழுத்தில், கோட்டுத் தாளில் இருந்தது. அதன் பின்னால் அதே ஊரின் பங்காளி வீட்டார் ஒருவர் எழுதிய இன்லேண்ட் லெட்டர் குத்தப்பட்டிருந்தது. நான்காம் தலைமுறையில் காட்டப்பட்டவர் சுவீகாரம் வந்தவர் என்றும், மூத்த வழி அவருக்கு முன்பே அற்றுப்போயிற்று என்றும் அதில் எழுதியிருந்தார். அதற்கும் பின்னால் ஒரு துண்டுத் தாளில், மானிய நிலங்களுக்கான இனாம் பதிவேட்டைப் பார்த்துவிட்டு வந்த வரலாற்றாளர் தம் கைப்பட, “தொடர்பு உறுதிப்படவில்லை, அச்சிட வேண்டாம்” என்று பென்சிலால் குறித்திருந்தார். பிரித்து அடுக்கியவர்கள் வம்சாவளியைக் குலத்தின் கோப்பிலும், கடிதத்தைக் “கடிதங்கள்” என்ற கோப்பிலும், துண்டுத் தாளைப் “பிற” என்ற உறையிலும் போட்டுவிட்டார்கள். சில ஆண்டுகளுக்குப் பின் குலதெய்வக் கோயில் குடமுழுக்கு மலருக்குச் செய்தி தேடி வந்தவர்களுக்கு வம்சாவளி மட்டும் கிடைத்தது. மலரில் அதை அப்படியே அச்சிட்டார்கள். அச்சிட்ட பக்கத்தைக் காட்டி ஒரு வீட்டார் முதல் மரியாதை தங்களுக்கே உரியது என்றார்கள், மற்றவர் நீதிமன்றத்துக்குப் போனார்கள்.

வழக்கு நடந்துகொண்டிருந்தபோதுதான் அந்தத் தாள்கள் என் கைக்கு வந்தன. மூன்று தாள்களிலும் இடப்புற மேல் மூலையில் துருவேறிய இரண்டு புள்ளிகள், ஒரே இடைவெளியில், ஒரே சாய்வில் இருந்தன. அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தபோது ஊசி சென்ற வழி நேராகத் தெரிந்தது. வரலாற்றாளரே நம்பாத ஒரு வம்சாவளி அவருடைய பெயராலேயே வீடு வீடாகப் போய்ச் சேர்ந்துவிட்டிருந்தது. துருப் புள்ளிகளைப் பற்றிய விளக்கத்தைக் கேட்க அதற்குள் யாருக்கும் பொறுமை இல்லை.

ஆகவே, கட்டை அவிழ்ப்பதற்கு முன் அது இருக்கும் நிலையிலேயே படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கட்டுக்கும் ஓர் எண், அதனுள் ஒவ்வொரு தாளுக்கும் ஓர் எண் என்று மென்மையான பென்சிலால் ஓரத்தில் குறியுங்கள். துருவேறிய ஊசியை அகற்றத்தான் வேண்டும். ஆனால் எந்த எண் முதல் எந்த எண் வரை ஓர் ஊசியில் இருந்தன என்பதை எழுதிய பின்பே அகற்றுங்கள். உறைகளை எறியாதீர்கள், ஏனெனில் கடிதத்தில் தேதி இல்லாவிட்டாலும் அஞ்சல் முத்திரையில் இருக்கும். குலவாரியாகவோ ஊர்வாரியாகவோ தேடுகிறவர்களுக்காக ஓர் அகரவரிசை அட்டவணையைத் தனியே எக்செல்லில் தயாரித்தால் போதும். அது தாள்களைத் தொடாமலேயே எத்தனை விதமாக வேண்டுமானாலும் பிரித்துக் காட்டும்.

அவர் வைத்திருந்ததே ஒழுங்கற்று இருந்தால் என்ன செய்வது என்று கேட்பார்கள். அப்போதும் அதைக் கலைக்கக்கூடாது. கடைசியாக மேசைமேல் எவையெவை ஒன்றாகக் கிடந்தன என்பதைக் கொண்டே அவர் எதை எழுதிக்கொண்டிருந்தார் என்பதைச் சொல்ல முடியும். வீட்டார் ஏற்கெனவே கலைத்துவிட்டிருந்தால், ஊசித் துளை, மடிப்பு, மையின் நிறம், தாளின் வகை ஆகியவற்றைக் கொண்டு பழைய சேர்க்கையை ஓரளவு மீட்கலாம். அப்படி மீட்டது ஊகமே என்பதைப் பட்டியலில் எழுதிவிட வேண்டும்.

மொய் நோட்டைக் குப்பையில் போடுதல்

செப்பேட்டுப் படியைப் பட்டுத் துணியில் சுற்றி வைப்பவர்கள், அதே கட்டில் இருக்கும் மொய் நோட்டையும் திருமணப் பத்திரிகைகளையும் எடைக்குப் போட்டுவிடுகிறார்கள். எழுதிவைக்கப்பட்ட வம்சாவளிகளில் பெரும்பாலானவை தந்தை, மகன், பேரன் என்று ஆண் வழியை மட்டுமே சொல்லும். பெண் எந்த ஊரிலிருந்து வந்தாள், எந்த ஊருக்குப் போனாள் என்பது மாமன் சீர் எழுதிய பக்கத்திலும், பத்திரிகையின் “தங்கள் நல்வரவை விரும்பும்” என்ற வரிக்குக் கீழேயும்தான் இருக்கும். ஊர்ப் பெயரும் தந்தை பெயரும் சேர்ந்து ஒரே நாளில் பதிவாகியிருக்கும் மொய் நோட்டைப் போன்ற நம்பகமான உறவுப் பட்டியல் ஒரு குடும்பத்துக்கு வேறு கிடைப்பது அரிது. 1992-இல் மறைந்த கோட்டையூர் ரோஜா முத்தையா நூல்களோடு நாடக நோட்டீசுகளையும் செய்தித்தாள் நறுக்குகளையும் சேர்த்து வைத்திருந்தார். பின்னர் அவருடைய சேகரிப்பைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. அது சென்னையிலேயே நூலகமாக நிலைபெற்றதால் அந்தச் சில்லறைத் தாள்களும் தப்பின.

தாத்தாவையும் பேரனையும் ஒருவராக்குதல்

மூத்த மகனுக்குத் தந்தைவழிப் பாட்டனாரின் பெயரை இடும் வழக்கத்தால், பழனியப்பர் மகன் முத்துசாமி, முத்துசாமி மகன் பழனியப்பர் என்று பெயர்கள் மாறி மாறி வரும். இரண்டு பத்திரங்களில் ஒரே பெயரைக் கண்டதும் ஒரே ஆள் என்று இணைத்துவிட்டால் இரண்டு தலைமுறைகள் காணாமல் போகும். தகப்பனார் பெயர், நிலத்தின் புல எண், சாட்சிக் கையெழுத்து ஆகியவற்றுள் குறைந்தது இரண்டு ஒத்துவராமல் இணைக்க வேண்டாம்.

ஆண்டை அவசரமாக மாற்றி எழுதுதல்

பழந்தாள்களில் விரோதி வருடம் என்று மட்டும் இருந்தால் அது 1829, 1889, 1949 ஆகிய எந்த ஆண்டில் தொடங்கியதாகவும் இருக்கலாம், ஏனெனில் சுற்று அறுபது ஆண்டுகளுக்கு ஒருமுறை திரும்பி வரும். தாது வருடப் பஞ்சத்துக்குப் பிறகு என்பது போன்ற குறிப்பு உடன் இருந்தால் 1876-ஐ வைத்து ஆண்டை நிறுவலாம். பட்டயங்களில் சாலிவாகன சகாப்தம் (சகம்), கலியுகம், வருடப் பெயர் ஆகிய மூன்றும் சேர்ந்து வருவதுண்டு. அப்போது கலியுக எண்ணிலிருந்து சக எண்ணைக் கழித்தால் 3179 வர வேண்டும். சகம் 1682, கலி 4861, விக்கிரம வருடம் என்று இருந்தால் மூன்றும் பொருந்தி 1760-ஐக் காட்டும். படியெடுத்தவர் 1682-ஐ 1632 என்று எழுதிவிட்டால் ஆண்டு 1710 ஆகிவிடும். அந்த ஆண்டின் பெயரோ விக்ருதி. விக்கிரம, விக்ருதி என்ற இரண்டு பெயர்களும் கண்ணுக்கு ஒன்றுபோலத் தோன்றுவதால் இந்த ஐம்பது ஆண்டுப் பிழை எளிதில் பிடிபடுவதில்லை. வருவாய்த் துறைத் தாள்களில் வரும் பசலி என்ற வருவாய் ஆண்டோடு 590-ஐக் கூட்டினால் அது தொடங்கிய ஆங்கில ஆண்டு கிடைக்கும். பசலி 1300 என்பது 1890 சூலை முதல் 1891 சூன் வரை.

வரலாற்றாளர் எழுதிய ஆண்டை அடித்துவிட்டு உங்கள் கணக்கை அதன்மேல் எழுதாதீர்கள். பட்டியலில் அருகே எழுதுங்கள்.

இன்றைய மாவட்டத்தில் தேடுதல்

அவர் “கோயமுத்தூர் ஜில்லா” என்று எழுதியிருந்தால் எந்தக் காலத்துக் கோயமுத்தூர் என்று முதலில் கேளுங்கள். கரூர் வட்டம் 1910 வரை அதில் இருந்து பின்னர் திருச்சிராப்பள்ளிக்குச் சென்றது. கொள்ளேகாலம் 1956 வரை அதிலேயே இருந்தது. காங்கேயமும் தாராபுரமும் கோயமுத்தூரிலிருந்து 1979-இல் பெரியார் (இன்றைய ஈரோடு) மாவட்டத்துக்கும், 2009-இல் திருப்பூர் மாவட்டத்துக்கும் மாறின. ஒரே ஊரின் தாள்களை மூன்று மாவட்டங்களின் பெயரில் தேட வேண்டியிருக்கும். பூந்துறை நாடு, பொங்கலூர் நாடு என்ற பழைய பெயர்களை அவர் பயன்படுத்தியிருந்தால் அவற்றை நீக்கிவிட்டு மாவட்டப் பெயரை இடுவது இன்னும் மோசம்.

கைபீதைச் சாட்சியாகக் கொள்ளுதல்

கிழக்கிந்தியக் கும்பெனியின் நில அளவை அதிகாரியாக இருந்து 1821-இல் மறைந்த காலின் மெக்கன்சிக்காக அவருடைய உதவியாளர்கள் ஊர்தோறும் திரட்டிய கைபீதுகளின் (உள்ளூரார் சொல்லக் கேட்டு எழுதிய ஊர், குடும்ப வரலாறுகளின்) ஒரு பகுதி சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் இருக்கிறது. அங்கே அமர்ந்து கையால் படியெடுத்து வந்த தாள்கள் பல வரலாற்றாளர்களின் கட்டுகளில் உண்டு. “அரசு நூலகப் படி” என்று தலைப்பில் இருப்பதாலேயே புதியவர்கள் அதை அரசு ஆவணமாக மதித்துவிடுகிறார்கள். பாளையக்காரர் வீட்டு வம்சாவளியைச் சொன்னவர் பாளையக்காரரின் ஆள்தான். 1799, 1801 போர்களுக்குப் பின் பாளையங்கள் பறிபோய்க்கொண்டிருந்த காலத்தில், தம் உரிமை எவ்வளவு பழையது என்பதைக் கும்பெனிக்குக் காட்ட வேண்டிய நெருக்கடியும் சொன்னவருக்கு இருந்தது. முதல் மூதாதையருக்குப் பேரரசர் ஒருவர் பட்டம் கொடுத்த கதை பல பாளையங்களில் ஒரே அச்சில் வருவது தற்செயல் இல்லை. கைபீதை விலக்க வேண்டியதில்லை, அந்தக் குடும்பம் அன்று தன்னை எவ்வாறு காட்டிக்கொள்ள விரும்பியது என்பதற்கு அதைவிடச் சிறந்த சான்று இல்லை. ஆனால் தலைமுறை எண்ணிக்கைக்கு, 1858-இல் தொடங்கிய இனாம் கமிஷனின் பதிவேடுகளையோ பத்திரங்களையோ ஒப்பிடாமல் அதை மட்டும் நம்பக்கூடாது.

செல்லோடேப்

ஒட்டாதீர்கள்.

லேமினேஷன்

அதைவிடவும் கூடாது. பிரிக்க முடியாது.

உயிருடன் இருப்பவர்களின் செய்தியைப் பரப்புதல்

சுவீகாரம், இரண்டாம் தாரம், பாகப்பிரிவினைச் சண்டை, ஊர்விலக்கு ஆகியவற்றைச் சொன்னவர்கள் வரலாற்றாளரின் முகத்துக்காகச் சொன்னார்கள், குடும்ப வாட்ஸாப் குழுவுக்காகச் சொல்லவில்லை. இத்தகைய தாள்களை எரித்துவிடுமாறு வீட்டார் கேட்டால் மறுத்துவிடுங்கள். கட்டிலிருந்து பிரிக்காமல் அந்தத் தாள்களை மட்டும் உறையிலிட்டு ஒட்டி, எந்த ஆண்டுவரை திறக்கக்கூடாது என்பதை வீட்டாருடன் பேசி முடிவுசெய்து உறையின்மேல் எழுதி, தாள் எண்களை மட்டும் பட்டியலில் காட்டுங்கள்.