வேலிக்கால் அடியில் மட்கியபோது

மூன்றாவது மழைக்காலம் முடிந்து வேலிக்கால் ஒன்றைத் தொட்டேன், ஆடியது. மேலே வார்னிஷ் இன்னும் பளபளவென்றுதான் இருந்தது. மண் மட்டத்தில் ஸ்க்ரூடிரைவரால் குத்தினால் ஊறிய அட்டை மாதிரி உள்ளே இறங்கியது.

வார்னிஷ் மரத்தின் மேல் ஒரு தோல், அவ்வளவுதான். வெயிலில் அது வெடித்ததும் தண்ணீர் உள்ளே போய்விடும், வெளியே வர வழியிருக்காது. மரத்தின் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்வரை பூஞ்சை மட்க வைக்காது. நான் ஈரத்தைப் பூட்டி வைத்திருந்தேன்.

இந்த முறை மரத்துக்குள் ஊறும் மருந்தாகத் தேடினேன். போரேட் (போரான் உப்பு) பூஞ்சைக்கும் கரையானுக்கும் நல்ல மருந்து. ஆனால் தண்ணீரில் கரைவது, மழையில் கசிந்து போய்விடும். அதைக் கொட்டகையின் உள்சட்டங்களுக்கு மட்டும் அடித்தேன். மண்ணில் நிற்கும் கால்களுக்குத் தாமிர நாப்தனேட், தண்ணீரில் எளிதில் கரையாத தாமிர மருந்து. பச்சை நிறம் ஏறும், வாடையும் சில நாள் இருக்கும். எனக்கு அது பெரிதாகப் படவில்லை.

உண்மையான வேலை அறுத்த முனையில்தான். மரத்தின் நுண்குழாய்கள் அங்கேதான் வாய் திறந்திருக்கின்றன. பக்கவாட்டைவிடப் பல மடங்கு வேகமாக உறிஞ்சும். புதுக் கால்களை நன்றாகக் காயவிட்டு (ஈர மரம் மருந்தைக் குடிக்காது), கையுறை மாட்டிக்கொண்டு, அடிமுனைகளை மருந்து வாளியில் ராத்திரி முழுக்க நிறுத்தினேன். காலையில் மட்டம் இரண்டு விரல் இறங்கியிருந்தது. துளை போட்ட இடங்கள், பிறகு வெட்டிய முனைகள் எல்லாவற்றுக்கும் தூரிகையால் இரண்டு தடவை.

அடுத்த இரண்டு மழைக்காலத்துக்கும் அதே ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பார்த்தேன். நுனி இறங்கவில்லை.