இறுகிப்போன அம்பாசிடர் எஞ்சின்: எடைக்குப் போடும் முன்

பல வருடம் நின்ற அம்பாசிடரின் 1489 சிசி பெட்ரோல் எஞ்சின் சுற்றவில்லையா? இரும்பு விலைக்குத் தள்ளிவிடாதீர்கள். பெரும்பாலும் பிஸ்டன் ரிங் சிலிண்டரில் துருவோடு ஒட்டியிருக்கும்.

பேட்டரியைக் கழற்றி, நான்கு ஸ்பார்க் பிளக்கையும் எடுத்து, சிலிண்டருக்குச் சுமார் 30 மில்லி ஏடிஎஃப் ஆயில் (ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸுக்கு ஊற்றுவது) ஊற்றி மூன்று நாள் ஊறவிட்டேன். எஞ்சினின் மேல் மூடியான ராக்கர் கவரைத் திறந்து வால்வு எல்லாம் எழுந்து அமர்கிறதா என்றும் பார்க்க வேண்டும். ஒட்டிய வால்வோடு சுற்றினால் வால்வை இயக்கும் புஷ்ராடு கம்பி வளைந்துவிடும். அடுத்து டாப் கியரில் போட்டு, வண்டியை முன்னும் பின்னும் மெல்ல அசைத்தேன். அசையாவிட்டால் மறுபடி ஊறவிடுங்கள். ஸ்டார்ட்டரால் முறுக்கவே கூடாது, ஸ்டார்ட்டர் பிடித்துச் சுற்றும் ரிங் கியரின் பல் போய்விடும்.

எஞ்சின் இளகி அசைந்த பிறகு, பிளக் இல்லாமலே நியூட்ரலில் ஸ்டார்ட்டிங் ஹேண்டில் போட்டுக் கையால் சுற்றுங்கள். துளை வழியே ஆயில் பீய்ச்சும், முகத்தை விலக்கிக்கொள்ளுங்கள். மீதி ஆயில் கீழே எஞ்சின் ஆயிலோடு கலந்திருக்கும், ஆகவே எஞ்சின் ஆயிலை மாற்றாமல் ஸ்டார்ட் செய்யாதீர்கள். பெட்ரோல் டேங்கையும் கழுவுங்கள், துருத்தூள் கார்புரேட்டர் ஜெட்டை அடைக்கும்.

மேற்கு வங்கத்து உத்தர்பாரா ஆலையில் 2014இல் அம்பாசிடர் தயாரிப்பு நின்றதால், பழைய வண்டிகள்தான் இனி உதிரிபாகக் கிடங்கு. நெளியாத குரோம் பம்பர், கிரில், கதவுக் கண்ணாடி ஆகியவற்றைச் சென்னையின் பழைய உதிரிபாகச் சந்தையான புதுப்பேட்டையில் தேடி அலைவார்கள். அப்பா பிடித்த ஸ்டீயரிங் என்றால் அதை விற்கவே வேண்டாம்.