பறவைக் காய்ச்சல் டைம்ல கோழி வண்டிய மறிக்கிறது எப்படி: ராம்நாடு பக்கம் செக்போஸ்ட்ல நிக்கப் போறவங்களுக்கு

ஆலப்புழா பக்கம் வாத்து கொத்துக் கொத்தா சாகுதுன்னு நியூஸ் வந்தா (2014, 2021, 2024னு திரும்பத் திரும்ப வந்துச்சு) ரெண்டு நாள்ல நம்மளையும் ஏதாச்சும் ரோட்டு முக்குல சேர் போட்டு உக்கார வச்சிருவாங்க. மொத வேலி கேரளா பார்டர்ல புளியரை, கம்பம்மெட்டு, வாளையார்ல இருக்கு, நம்மது ரெண்டாவது சல்லடை, அதனால அங்கயே பாத்திருப்பாங்கன்னு நெனச்சு கைய காட்டி விட்ராதீங்க.

போன உடனே ஆர்டர முழுசா படிங்க. எந்த மாவட்டத்துலருந்து தடை, எதுக்குத் தடை, உயிர்க்கோழி மட்டுமா, முட்டை, குஞ்சு, தீவனம், எரு எல்லாமா. இது தெரியாம நாமக்கல் முட்டை வண்டிய மறிச்சு வச்சீங்கன்னா ஊர்ல முட்டை விலை ஏறும், திட்டு நமக்கு வரும்.

நிக்கிற இடம் முக்கியம். மதுரைப் பக்கம் பார்த்திபனூர், தூத்துக்குடி பக்கம் சாயல்குடி, வடக்க ஈசிஆர்ல எஸ்.பி.பட்டினம். ராமேஸ்வரம் தீவுக்கு ரோட்டு வழி பாம்பன் பாலம் ஒண்ணுதான், அங்க ஒரு டீம் போட்டா தீவே அடங்கிரும். மத்த இடத்துல அப்படி இல்ல, நீங்க திருப்பி அனுப்புன வண்டி முதுகுளத்தூர் சுத்தி இங்கிட்டு வந்து நிக்கும், அதனால நம்பர எழுதி உடனே மத்த போஸ்டுக்கு வாட்ஸ்அப்ல தட்டி விடுங்க.

பேப்பர்ல கால்நடை டாக்டர் சான்று, எந்தப் பண்ணைலருந்து ஏத்துனது, எத்தனை உருப்படி, எந்தக் கடைக்கு, இதப் பாருங்க போதும். இ-வே பில் கேட்டு சண்டை போடாதீங்க, உயிர்க்கோழிக்கும் முட்டைக்கும் ஜிஎஸ்டியே கிடையாது. டிரைவர்கிட்ட எங்கிட்டிருந்து வாரீகன்னு சும்மா பேச்சு குடுத்துட்டு டோல் ரசீதையும் டீசல் பில்லையும் பாத்தா ஊரு தானா வெளிய வந்துரும்.

இப்ப நான் தப்பு பண்ண விஷயம். மொத தடவை நின்னப்ப லோடு வண்டிய எல்லாம் மறிச்சேன், காலி வண்டிய பூரா விட்டேன், வெறும் கூண்டுதானேன்னு. ஆனா அந்தக் கூண்டுல ஒட்டியிருக்கிற எச்சம் இருக்குல்ல, அதுலதான் வைரஸ் இருக்கும், குளிருல 35 நாள் வரைக்கும் தாங்கும், நம்ம ஊரு 37 டிகிரி சூட்டுலயே ஆறு நாள் கிடக்கும்ங்கிறாங்க. லோடு இறக்கிட்டுத் திரும்புற குட்டியானை (சின்ன லோடு வண்டி) தினமும் நாலு பண்ணைக்குள்ள போய்ட்டு வரும், முட்டை அட்டையும் அப்படித்தான், ஒரே அட்டை எத்தனை ஊரு சுத்தும்னு அதுக்கே தெரியாது. காலி வண்டியத்தான் மொதல்ல நிப்பாட்டணும். கழுவுறதுலயும் ஒரு சூட்சுமம் இருக்கு, எச்சம் ஒட்டுன டயர்ல நேரா பிளீச்சிங் தண்ணி அடிச்சா ஒண்ணும் ஆகாது, அழுக்கே அந்த மருந்த தின்னுரும். மொதல்ல சோப்புத் தண்ணி போட்டு பிரஷ்ல தேய்ங்க, அப்புறம் மருந்து, அப்புறம் பத்து நிமிஷமாச்சும் ஊற விடுங்க. காலைல கலக்குனத சாயங்காலம் வரைக்கும் வெயில்ல வச்சு அடிக்காதீங்க, வீரியம் போயிரும்.

கோழி எரு லாரியும் அதே கதைதான். குண்டு மிளகாய்க் காட்டுக்கும் தென்னந்தோப்புக்கும் லோடு லோடா வரும், தார்ப்பாய் மூடியிருக்கிறதால யாரும் எட்டிப் பாக்கிறதில்ல. எட்டிப் பாருங்க.

வாத்து மேய்க்கிறவங்க ரோட்டுலயே வர மாட்டாங்க. அறுப்பு முடிஞ்சா திருவாடானை, ஆர்.எஸ்.மங்கலம் வயல் வழியா பட்டியோட நடந்தே வருவாங்க. வாத்து நோவு இருந்தாலும் சில நேரம் காட்டாது, நல்லாத்தான் மேயும், அதுதான் கஷ்டமே. செக்போஸ்ட் இதுக்கு உதவாது, வயக்காரங்களுக்கும் தலையாரிக்கும் சொல்லி வைங்க, புதுப் பட்டி இறங்குனா போன் வரணும்.

அப்புறம் ஏர்வாடி. கேரளாலருந்து தர்காவுக்கு வர்றவங்கள்ல நேர்ச்சைக்குன்னு ஒரு அம்மா சேவல மடில வச்சிட்டு பஸ்ல உக்காந்திருக்கும். புடுங்காதீங்க, கத்தாதீங்க, "இங்கயே ஒண்ணு வாங்கிக்கங்கம்மா, நேர்ச்சை செல்லும், அத அறுக்காம எங்ககிட்ட குடுங்க"ன்னு சொல்லுங்க. சண்டைச்சேவல் காரங்ககிட்டதான் இந்தப் பேச்சு எடுபடாது, அவன் பிள்ளைய விட சேவல நல்லா வளக்குறான்.

நம்ம கடக்கரைல படகுல பறவை இறக்க சட்டப்படி வழியே இல்ல, வெளிநாட்டுலருந்துன்னா குவாரண்டைன் நிலையம் இருக்கிற சென்னை மாதிரி இடத்துலதான் இறக்கணும். மண்டபத்துலயோ தொண்டிலயோ படகுல கூண்டு கண்டா நீங்க தொடாதீங்க, 1093க்கு அடிங்க, மரைன் போலீஸ் வந்து பாத்துக்கும்.

லோடுல செத்த கோழி இருந்தா வெயில்ல செத்துச்சா நோவுல செத்துச்சான்னு நீங்களே முடிவு பண்ணாதீங்க. கொண்டை நீலம் பாய்ஞ்சிருந்தாலும் வெள்ளைக்கழிச்சலான்னு அறுத்துப் பாக்கிறது அதைவிட மோசம். வண்டிய ஓரங்கட்டி டாக்டர கூப்பிடுங்க, மாதிரி போபால் லேபுக்குப் போய் வரணும். கிளவுஸ், மாஸ்க் இல்லாம கூண்டுக்குள்ள கை விடவே விடாதீங்க, பத்து நாளைக்குள்ள காய்ச்சலோ கண்ணு சிவப்போ வந்தா கோழி வண்டில நின்னேன்னு ஆஸ்பத்திரில மொதல்ல சொல்லுங்க. தனுஷ்கோடி போற வழில கோதண்டராமர் கோயில் பக்கம் பூநாரை செத்துக் கிடந்தா வனத்துறைக்குச் சொல்லுங்க.

பண்ணைக்காரங்க மறைக்கத்தான் பாப்பாங்க. அரசு அழிக்கிற கோழிக்குத்தான் இழப்பீடு, தானா செத்ததுக்கு இல்லன்னு சொல்லிப் பாருங்க, அண்ணே நாளைக்கே வாங்கன்னு அவங்களே கூப்பிடுவாங்க.