1950களின் பாணியில் கோடை ஸ்கர்ட்: துணி எடுப்பது எப்படி?

ஒடுங்கிய இடுப்பு, அதற்குக் கீழே நன்றாக விரிந்து நிற்கும் ஸ்கர்ட். 1947 பிப்ரவரியில் பிரெஞ்சு உடை வடிவமைப்பாளர் கிறிஸ்தியன் தியோர் பாரிஸில் காட்டிய உடைகளுக்குப் பிறகு உலகமே பேசிய வடிவம் இது. போர்க்காலத்தில் துணிக்கே ரேஷன் இருந்தது. பிரிட்டனில் அது 1949 வரை நீடித்தது. அந்த நேரத்தில் ஒரே ஸ்கர்ட்டுக்கு மீட்டர் மீட்டராகத் துணியைச் செலவழித்தால் பேசாமல் இருப்பார்களா?

புதிதாகத் தைப்பவர்கள் ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. இந்த ஸ்கர்ட் உடம்போடு ஒட்டி விழக்கூடாது, விலகி நிற்க வேண்டும். கையில் எடுத்ததும் வழுக்கிக்கொண்டு போகும் ரேயானும் ஜார்ஜெட்டும் அழகுதான். ஆனால் அவற்றில் தைத்தால் வருவது வேறு ஸ்கர்ட். காற்றும் போக வேண்டும், கொஞ்சம் விறைப்பும் வேண்டும் என்றால் பெரும்பாலும் காட்டன்தான்.

படி 1: என்ன வெட்டு என்று முடிவு செய்யுங்கள்

கடைக்குப் போவதற்கு முன்பே இதைத் தீர்மானித்துவிடுங்கள். ஒன்று, டெய்லர்கள் அம்ப்ரெல்லா கட் என்று சொல்லும் முழு வட்டம். இன்னொன்று, நேர்த்துணியை இடுப்பில் சுருக்கித் தைப்பது. முதல்முறை என்றால் சுருக்கு வைத்ததையே நான் சொல்வேன். துணியும் குறைவு, வெட்டுவதும் நேர்க்கோட்டில்தான்.

28 அங்குல இடுப்பு, 25 அங்குல உயரம் என்று வைத்துக்கொள்வோம். சுருக்கு ஸ்கர்ட்டுக்கு 44 அங்குலப் பன்னாவில், அதாவது அவ்வளவு அகலமுள்ள துணியில், இரண்டு துண்டுகள் போதும். கீழ்மடிப்புக்கு 3, தையலுக்கு 1 சேர்த்தால் ஒவ்வொன்றும் 29 அங்குலம். இடுப்புப் பட்டியோடு 1.6 மீட்டர் வரும். 2 மீட்டராக எடுத்துவிடுங்கள்.

வட்டத்துக்குக் கணக்கு வேறு. இடுப்பளவை 6.28ஆல் வகுத்தால் நடுவில் வெட்டும் வட்டத்தின் ஆரம் கிடைக்கும். இங்கே ஏறக்குறைய 4.5 அங்குலம். அதோடு உயரம் 25, மடிப்பு 1 சேர்த்தால் 30.5. முழு வட்டத்தின் குறுக்களவு 61 அங்குலம். 44 பன்னாவில் ஒரே துண்டாக அடங்காது. அரை வட்டம் இரண்டாக, நேர் விளிம்பு துணியின் நீளவாட்டு ஓரத்தை ஒட்டி வரும்படி ஒன்றன்பின் ஒன்றாக வைத்து வெட்டினால் 122 அங்குலம், அதாவது 3.1 மீட்டர் நீளம் வேண்டும். சுருங்குவதையும் சேர்த்து 3.5 மீட்டர் கேளுங்கள். பக்கத்தில் மிஞ்சும் நீளத்துண்டில் இடுப்புப் பட்டி வந்துவிடும்.

படி 2: வெட்டுக்கு ஏற்ற டிசைன்

கடையில் மடித்து வைத்திருக்கும்போது எல்லா டிசைனும் நன்றாகத்தான் இருக்கும். வட்டமாக வெட்டிய பிறகுதான் வேலையைக் காட்டும். ஒரே திசையில் நிமிர்ந்து நிற்கும் பூச்செடி டிசைன், வட்டத்தில் ஓரிடத்தில் நேராகவும், இன்னோரிடத்தில் படுத்தும், மற்றொரு பக்கம் தலைகீழாகவும் வரும். கட்டம் போட்டதும் இடுப்பைச் சுற்றி வரவரச் சாய்ந்து வைரமாகிவிடும். சிலருக்கு அது பிடிக்கும், எனக்கும்தான். ஆனால் பக்கத் தையலில் கட்டங்கள் பொருந்தவில்லை என்றால் பார்க்கச் சகிக்காது. ஆகவே வட்டத்துக்குப் புள்ளி, சிதறிய சின்னப் பூக்கள், அல்லது வெறும் நிறம். புள்ளி போட்டது அந்தக் காலத்துக்கும் மிகச் சரியாகப் பொருந்தும்.

கரை போட்ட துணி என்றால் சுருக்கு ஸ்கர்ட் மட்டும்தான். வளைந்த விளிம்பில் கரை நிற்காது. துணியைப் படுக்கைவாட்டில் திருப்பி, 2.25 மீட்டர் நீளத்தை இடுப்பில் சுருக்கிவிட்டால் கரையே கீழ்விளிம்பாகிவிடும். மடித்துத் தைக்கும் வேலையும் மிச்சம். பழைய காட்டன் புடவையில் இதை அருமையாகச் செய்யலாம்.

மெட்ராஸ் கட்டத்தையும் விட்டுவிடாதீர்கள். சென்னைப் பக்கம் நெய்த இந்தத் துணி 1950, 60களில் அமெரிக்காவில் கோடைக்கால மோகமாகவே இருந்தது. ஒவ்வொரு சலவையிலும் சாயம் இறங்கி நிறங்கள் கலப்பதையே அங்கே பெருமையாக விளம்பரம் செய்து விற்றார்கள்!

படி 3: கடையில் கையால் பாருங்கள்

துணியின் ஓரத்தைப் பத்து விநாடி கசக்கிப் பிடித்து விடுங்கள். கசங்கல் அப்படியே நின்றால் லினன் அல்லது கலப்பில்லாத காட்டன். சட்டென்று நிமிர்ந்தால் பாலியெஸ்டர் கலந்திருக்க வாய்ப்பு அதிகம். பிறகு அரை மீட்டரைக் கையில் சுருக்கிப் பிடித்துத் தொங்கவிடுங்கள். மடிப்புகள் அகலமாக விலகி நின்றால் அதுதான் நமக்கு வேண்டியது. துணியை இரண்டு விரலுக்கு நடுவில் அழுத்தித் தேய்க்கும்போது வெள்ளைத்தூள் உதிர்ந்தால் அந்த விறைப்பு முழுக்கக் கஞ்சி, ஒரு சலவையில் போய்விடும்.

நெருக்கமாக நெய்த காட்டனான பாப்ளின் பாதுகாப்பான தேர்வு. காம்பிரிக்கும் சரிதான். லினன் நன்றாக நிற்கும், ஆனால் சுருக்கு வைத்தால் இடுப்பில் தடிக்கும். மல், வாயில் (voile) என்ற மெல்லிய துணிகள் இரண்டும் வெயிலுக்குச் சுகம். ஆனால் உள்ளே லைனிங் இல்லாமல் முடியாது. டெனிம் வேண்டாம், கோடையில் யார் தூக்கிச் சுமப்பது?

படி 4: நனைத்துவிட்டு வெட்டுங்கள்

காட்டன் 3 முதல் 5 சதவீதம் வரை சுருங்குவது சாதாரணம். 3 மீட்டரில் 15 செ.மீ. போகலாம். சாதாரணத் தண்ணீரில் சில மணி நேரம் ஊறவைத்து, பிழியாமல் நிழலில் உலர்த்தி, அயர்ன் செய்த பிறகுதான் கத்தரியை எடுக்க வேண்டும். உப்புப் போட்டால் சாயம் நின்றுவிடும் என்பார்கள், நிற்காது. ஒட்டாமல் இருக்கும் சாயம்தான் வெளியேறும். லைனிங் துணியையும் தனியாக நனைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் உள்துணி சுருங்கி மேல்துணியை இழுக்கும்.

படி 5: நிற்கவைக்க

அந்தக் காலத்தில் உள்பாவாடையைக் கஞ்சியிலோ சர்க்கரைத் தண்ணீரிலோ முக்கி விறைப்பாக்கினார்கள். நமக்குச் சோறு வடித்த கஞ்சியே போதும். கேன்கேன் நெட் என்ற விறைப்பான வலைத்துணியை உள்ளே வைத்தால் இன்னும் விரியும், ஆனால் மே மாதத்தில் குத்தும், வியர்க்கும். விசேஷத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

முழு வட்டம் தைத்தால் கடைசியாக ஒரு வேலை. இடுப்புப் பட்டி வைத்ததும் கீழ்விளிம்பை மடிக்காமல் ஒரு நாள் ஹேங்கரில் தொங்கவிடுங்கள். கிராஸாக, அதாவது துணியின் இழைகள் சாய்வாக ஓடும்படி வரும் இடங்கள் தானாக இறங்கிவிடும். மறுநாள் போட்டுக்கொண்டு, தரையிலிருந்து உயரத்தை யாரையாவது அளந்து குறிக்கச் சொல்லி, மிஞ்சியதை வெட்டிவிட்டு அரை அங்குலத்துக்கு மேல் போகாமல் மடித்துத் தையுங்கள்.