நோயாளியைப் பார்த்துக்கொள்பவர்கள் செய்யும் தவறுகள்

அப்பா பக்கவாதம் வந்து படுக்கையில் இருந்த இரண்டு வருஷமும் அவருடைய மாத்திரைகளைக் காலை, மதியம், இரவு என்று மூன்று டப்பாக்களில் பிரித்து வைத்தது அம்மாதான். ஒரு வேளைகூடத் தவறியதில்லை. ஒருநாள் சமையலறையில் மிளகாய்த்தூள் டப்பாவுக்குப் பின்னால் அம்மாவின் பிபி மாத்திரை அட்டை கிடைத்தது. வாங்கி இரண்டு மாதம் ஆகியிருந்தது. பத்தில் இரண்டுதான் பிரித்திருந்தார். அன்றைக்கே அளந்து பார்த்தோம். மேல் அளவு 180-ஐத் தாண்டியிருந்தது.

பார்த்துக்கொள்பவர் செய்யும் முதல் தவறு இதுதான். தன் மாத்திரை, சாப்பாடு, தூக்கம் எல்லாமே "அப்புறம் பார்த்துக்கலாம்" ஆகிவிடும். ஆனால் உடம்பு காத்திருப்பதில்லை. கவலை வந்தால் அட்ரினல் சுரப்பி கார்டிசோல் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. ஓர் அவசரத்தைச் சமாளிக்க அது தேவைதான். மாதக்கணக்கில் நீடித்தால் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் ஏறும், தூக்கம் கெடும், எதிர்ப்புச் சக்தி குறையும். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1995-இல் இதை நேராகவே சோதித்தார்கள். மறதி நோயுள்ள உறவினரைக் கவனித்துவந்த பெண்களின் கையில் 3.5 மில்லிமீட்டர் அளவுக்குச் சின்னக் காயம் உண்டாக்கி, அது ஆற எத்தனை நாள் ஆகிறது என்று எண்ணினார்கள். அதே வயதுள்ள மற்ற பெண்களைவிட இவர்களுக்குச் சராசரியாக 9 நாள் கூடுதலாகப் பிடித்தது. மனதில் இருக்கும் பாரம் தோல் வரைக்கும் வந்துவிடுகிறது.

அடுத்த தவறு, உடம்பு காட்டும் எல்லாவற்றையும் "டென்ஷன்தான்", "கேஸ்தான்" என்று தள்ளுவது. பெண்களுக்கு மாரடைப்பு வரும்போது நெஞ்சுவலி பெரிதாக இல்லாமல், மூச்சுத்திணறல், அசதி, குமட்டல், தாடையிலோ முதுகிலோ வலி என்று மட்டும்கூடத் தெரியலாம். திடீரென்று இப்படி வந்தால் சோடா குடித்துப் பார்க்க வேண்டாம், உடனே 108-ஐ அழையுங்கள்.

தூக்கம் வரவில்லை என்று மருந்துக்கடையில் கேட்டோ நோயாளியின் அட்டையிலிருந்து எடுத்தோ தூக்க மாத்திரை போடுவதும் கூடாது. சிலவகை மாத்திரைகள் பழக்கமாகிவிடும்.

எனக்கு மிகவும் உறுத்துவது குடும்பத்தார் செய்யும் தவறு. நானும் செய்தேன். தினமும் போன் செய்து "அப்பா எப்படி இருக்கார், பிசியோதெரபி போச்சா?" என்று கேட்பேன். "நீ சாப்பிட்டியாம்மா, ராத்திரி எத்தனை மணிக்குப் படுத்தே?" என்று ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டால் மட்டும் போதாது, ஆளை மாற்ற வேண்டும். வாரத்தில் இரண்டு இரவாவது வேறொருவர் நோயாளியின் பக்கத்தில் படுத்தால், அம்மாவோ மனைவியோ அடுத்த அறையில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கலாம். கூடப்பிறந்தவர்கள் இருந்தால் நாள் பிரித்துக்கொள்ளுங்கள். வெளியூரில் இருப்பவர் உதவியாளர் சம்பளத்தை ஏற்கலாம்.

அழுகை அடிக்கடி வருகிறது, வாழ்க்கையே வெறுத்துப்போகிறது என்றால் தாங்கிக்கொண்டே இருக்க வேண்டாம். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-க்கு எந்நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலேயே.

எங்கள் வீட்டில் டப்பாக்கள் நான்காகின. நான்காவதில் அம்மாவின் பெயரை எழுதி ஒட்டினோம். இரவு அப்பாவுக்கு மாத்திரை கொடுக்கும் கையோடு அதையும் திறந்து பார்ப்பது என் வேலையானது.